மலைப் பாதைக்குப் பழைய பாரவண்டி வாங்குதலும் அதன் எடை வரம்பும்

ஜவ்வாது மலையில் காவலூரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த குடியானவர்களுக்கு, விளைவிப்பதைக் காட்டிலும் விளைந்ததைச் சந்தை சேர்ப்பதே பெருங் கவலையாக இருந்துவருகிறது. சாமை, புளி, பலா, சீத்தாப்பழம், தேன், ஆடு ஆகிய இவையெல்லாம் மலையில் உண்டு. அவற்றை மொத்தமாக வாங்குவோர் கீழேயுள்ள ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் முதலிய ஊர்களில் இருக்கிறார்கள். இடையில் இருப்பது வளைவும் ஏற்ற இறக்கமும் நிறைந்த மலைப் பாதை. 1968 ஆம் வருஷத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைந்தது முதல் காவலூரின் பெயரை வெளியுலகம் அறியும். ஆயினும் அவ்வூர்க் குடியானவருக்கு வானத்தைவிட வழியே முக்கியமான விஷயம்.

இப்பொழுது பல கிராமங்களில் நாலைந்து குடியானவர்கள் ஒன்று சேர்ந்தோ, வசதியுள்ளவர் தனியாகவோ சிறு பாரவண்டி வாங்கும் வழக்கம் பரவிவருகிறது. 2005 ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டியை ஜனங்கள் "குட்டி யானை" என்றே அழைக்கின்றனர். அதன் பின்னர் வேறு கம்பெனியாரும் அதே மாதிரியானவற்றையும் அதனிற் பெரியவற்றையும் செய்து விற்றுவருகின்றனர். புது வண்டியின் கிரயம் பெரிதாகையால் பெரும்பாலோர் ஒருவர் இருவர் ஓட்டிக் கழித்த பழைய வண்டியையே நாடுகின்றனர். அஃது தவறன்று. நல்ல பழைய வண்டி பல வருஷம் உழைக்கும். ஆனால் அதை வாங்குவதிலும் உபயோகிப்பதிலும் இரண்டு பிழைகள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. ஒன்று, விலையைப் பார்த்து வண்டியை எடுத்துவிட்டு, பிறகு அதற்கு இருக்கும் பாரத்தையெல்லாம் ஏற்றுவது. மற்றொன்று, தட்டில் இடம் இருக்கும்வரையில் ஏற்றலாம் என்று எண்ணுவது. பாரத்தை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற வண்டியைப் பிறகு தேடுவதே முறை. மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டால் வண்டி தாங்காது என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். மாட்டு வண்டிக்கு உரிய அந்த நியாயம் மோட்டார் வண்டிக்கும் உரியதே.

பாரத்தின் வரம்பை அறியும் விதம்

ஒவ்வொரு பாரவண்டியின் பதிவுப் புத்தகத்திலும், அதாவது ஆர்.சி.யிலும், இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, வெற்று வண்டியின் எடை. மற்றொன்று, வண்டியும் அதிலுள்ள சகல பாரமும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை. முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் வருவதே ஏற்றத்தக்க பாரம் என்று பலரும் கருதுகின்றனர். இக்கணக்கு பாதி மட்டுமே சரியானது.

1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் வெற்று எடை என்பது ஓட்டுபவரையும் உதவியாளரையும் நீக்கிய எடையாகும். மொத்த எடையிலோ அவர்களும் அடங்குவர். ஆகையால் ஓட்டுபவர், கூட வருபவர் ஆகிய இருவருடைய எடையும் சரக்கின் கணக்கிலிருந்தே கழிய வேண்டும். அன்றியும் பழைய வண்டிகளில் முந்தைய சொந்தக்காரர்கள் பலவற்றைச் சேர்த்திருப்பார்கள். தட்டுக்கு இரும்புத் தகடு, பக்கங்களுக்கு உயரமான கம்பிச் சட்டம், தலைக்கு மேல் சாமான் தாங்கி, முன்புறம் கனத்த இரும்புக் குழாய், அச்சின்மேல் கூடுதலான வில்பட்டை ஆகிய இவை ஒவ்வொன்றும் வெற்று எடையை உயர்த்தும். ஆனால் புத்தகத்தில் எழுதிய மொத்த எடையை உயர்த்தா. எனவே புத்தகத்தை நம்பிக் கணக்கிடாமல், எண்ணெய்த் தொட்டியை நிரப்பி, மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் உள்ளபடி வண்டியை எடைமேடையில் நிறுத்துப் பார்த்தல் அவசியம். இதற்கு ஆகும் கட்டணம் சொற்பம். மலையில் எடைமேடை கிடைப்பது அரிதாகையால், வண்டி பார்க்கச் சமவெளிக்குப் போகும்போதே இதை முடித்துக்கொள்வது நலம்.

ஓர் உதாரணத்தைக் கவனிக்கலாம்.

புத்தகத்தின்படி மொத்த எடை: 1,550 கிலோ
புத்தகத்தின்படி வெற்று எடை: 810 கிலோ
எடைமேடையில் கண்ட வெற்று எடை: 890 கிலோ
மீதி: 660 கிலோ
ஓட்டுபவர், உதவியாளர் இருவர்: 130 கிலோ
தார்ப்பாய், கயிறு, ஆயுதப் பெட்டி: 30 கிலோ
சரக்குக்கு எஞ்சியது: 500 கிலோ

50 கிலோ மூட்டையானால் பத்தே மூட்டை. புத்தகத்தை மட்டும் பார்த்தவர் 740 கிலோ என்று எண்ணிப் பதினான்கு மூட்டை ஏற்றுவார். இடத்தை மட்டும் பார்ப்பவரோ இருபத்தைந்து மூட்டைகூட ஏற்றுவார். அப்பொழுது வண்டியின் மொத்த எடை 2,300 கிலோவாகும். அதாவது அனுமதித்ததற்கு மேல் 750 கிலோ. இந்த 1,550, 2,300 என்னும் இரண்டு எண்களையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. பின்னே வரும் விஷயங்களுக்கு இவை உதவும்.

இடத்தை அளவாகக் கொள்ளலாகாது

குடியானவர்கள் படியும் மரக்காலுமாக முகந்து அளக்கும் பழக்கமுடையவர்கள். வண்டித் தட்டையும் அவ்வாறே ஒரு பெரிய மரக்காலாக எண்ணிவிடுகின்றனர். 7 அடி நீளமும் 5 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தட்டின் கொள்ளளவு 35 கன அடி. உலர்ந்த மணல் கன அடிக்குச் சுமார் 45 கிலோ இருக்கும். தட்டைத் தலைதட்டி மணல் நிரப்பினால் ஏறக்குறைய 1,575 கிலோ சேரும். மேற்கண்ட உதாரண வண்டியின் முழு மொத்த எடையைவிட இது மிகுதி. ஈர மணலோ இன்னும் கனக்கும். அதே தட்டில் வைக்கோலைக் கூரைக்கு மேல் உயர்த்தினாலும் எடை மிஞ்சாதிருக்கலாம். ஆயினும் காற்றுக்கும் வளைவுக்கும் அது சாயும். ஆகையால் சரக்குக்குச் சரக்கு எடை வேறு என்பதை உணர்ந்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு மூட்டையை நிறுத்து, அந்த எண்ணை வண்டியின் கதவின் உட்புறம் எழுதிவைப்பது நல்ல வழக்கம். 200 லிட்டர் பீப்பாய் நிறையத் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. சிமெண்டு மூட்டை 50 கிலோ. மழையில் நனைந்த சாக்கும் எருவும் உலர்ந்தவற்றைவிட வெகுவாகக் கனக்கும்.

எந்த வண்டி ஏற்றது?

வண்டி தேடப் புறப்படுமுன் ஒரு வருஷத்துப் போக்குவரத்தை எழுதிப் பார்க்க வேண்டும். தை முதல் பங்குனி வரையில் புளி, கோடையில் பலா, மழைக்காலக் கடைசியில் சாமை, இடையிடையே உரமும் விதையும் வீட்டுச் சாமானும் என்று வகுத்து, ஒரு நடைக்கு வழக்கமாக எத்தனை கிலோ என்று கணக்கிட வேண்டும். வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் வரும் பெரும் பாரத்தை அளவாகக் கொள்ளலாகாது. அந்நாட்களில் இரண்டு நடை போகலாம், அல்லது வாடகை வண்டி பிடிக்கலாம். அவ்வாறின்றி வாரந்தோறும் இருபத்தைந்து மூட்டை போவதானால் சிறு வண்டி உதவாது. 25 மூட்டைக்கு 1,250 கிலோ, ஆட்களுக்கு 130, சாதனங்களுக்கு 30 என 1,410 கிலோ இடைவெளியுள்ள வண்டி வேண்டும். 1¼ டன் தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் வண்டியும் இதற்குப் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கிட்ட பாரத்திற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமுள்ள வண்டியை எடுப்பது மலைப் பாதைக்கு உகந்தது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத பாரவண்டிக்குச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டியதில்லை. 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகள் இலகு ரக மோட்டார் வண்டி என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. அவ்வகுப்பு லைசென்சு உடையவர் அந்த எடைக்குள் அடங்கிய பாரவண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 ஆம் வருஷம் நவம்பர் 6 ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. லைசென்சு தடையில்லை என்பதால் பாதையின் தன்மையை மறந்துவிடலாகாது. குறுகிய வளைவுகளில் நீளமான வண்டி ஒரே திருப்பில் திரும்பாது. வீட்டு வாயிலுக்கும் களத்திற்கும் செல்லும் மண் பாதையின் அகலத்தை முன்கூட்டியே அளந்துகொள்வது நலம்.

பத்திரங்களைப் பரிசீலித்தல்

பழைய நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது போலவே பழைய வண்டிக்கும் வில்லங்கம் பார்த்தல் வேண்டும்.

1. சட்டத்தில் வெட்டியுள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம்பர் தேய்க்கப்பட்டோ மறுபடி வெட்டப்பட்டோ இருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே உத்தமம்.

2. தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பாரவண்டிக்கு முதல் எட்டு வருஷம் வரையில் இரண்டு வருஷத்திற்கு ஒரு முறையும், அதன் பிறகு வருஷந்தோறும் இதைப் புதுப்பிக்க வேண்டும். சான்று தீரும் தருணத்தில் விற்கப்படும் வண்டியில் பெரும்பாலும் செலவு காத்திருக்கும்.

3. கடன் கொடுத்த பாங்கியின் அல்லது கம்பெனியின் பாத்தியதை புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தால், அஃது நீங்கியதற்குரிய 35 ஆம் நமூனாவும் தடையின்மைக் கடிதமும் கையில் வந்த பின்னரே ரொக்கம் கொடுக்க வேண்டும்.

4. வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கட்டப்படாத அபராதங்கள் ஆகியவற்றை மத்திய சர்க்காரின் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டி நம்பரைக் கொண்டு பார்க்கலாம்.

5. கிரயம் முடிந்ததும் 29, 30 ஆம் நமூனாக்களில் இருவரும் கையொப்பமிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். ஒரே மாகாணத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டுமென்பது 50 ஆம் பிரிவு. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் விற்றவர், வாங்கியவர் இருவரும் நீதிமன்றம் ஏறி இறங்க நேரிடும்.

வண்டியைப் பரீட்சித்தல்

மழை நாளிலும் இருட்டிய பிறகும் வண்டி பார்க்கலாகாது. வண்ணம் புதிதாக அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். மேற்பூச்சைக் காட்டிலும் அடிப்பாகமே உண்மையைச் சொல்லும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் செலவான பணம் வீணாகாது. அவர் பார்க்க வேண்டியவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

சட்டம்: வில்பட்டைகள் சட்டத்தில் மாட்டியிருக்கும் இடங்களில் வெடிப்போ, ஒட்டுப்போட்ட தழும்போ உண்டா என்று பார்க்க வேண்டும். மிகைப் பாரம் சுமந்த வண்டி முதலில் இங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

வில்பட்டை: கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் பட்டை சேர்க்கப்பட்டிருந்தால், அவ்வண்டி வரம்பு மீறி ஓட்டப்பட்டது என்று கொள்ளலாம். "பட்டை சேர்த்திருக்கிறது, நன்றாகத் தாங்கும்" என்று விற்பவர் இதை ஒரு சிறப்பாகவே கூறுவார். பட்டை சேர்த்தால் தட்டு தாழாது என்பது மெய். ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் சட்டமும் முன்னிருந்த அளவே. தாழ்ந்து காட்டி எச்சரிக்க வேண்டிய வில் வாயடைக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

அச்சும் டயரும்: சம தரையில் நிறுத்திப் பின்னாலிருந்து நோக்கினால் இரு சக்கரங்களும் நேராக நிற்க வேண்டும். மேற்புறம் உட்சாய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதும் ஒரு குறி. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3521 என்றால் 2021 ஆம் வருஷத்து 35 ஆம் வாரத்தில் செய்தது என்று அர்த்தம். டயர் தாங்கும் பாரத்தின் குறியீடும் அங்கேயே உண்டு. உதாரணமாக 80 என்னும் குறியீடு ஒரு டயருக்கு 450 கிலோவைக் குறிக்கும். முன்னவர் விலை மலிந்த, பாரம் குறைந்த டயரை மாட்டியிருந்தால் இதனாற் புலப்படும்.

பிரேக்: மிதியை அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிஷம் வரையில் இறங்காமல் நிற்க வேண்டும். சக்கரங்களின் உட்புறம் எண்ணெய்க் கசிவு இருத்தலாகாது. கைப்பிரேக் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. கருத்த பழைய எண்ணெயாயின் வாங்கியவுடன் மாற்றிவிட வேண்டும்.

என்ஜின்: இரவெல்லாம் குளிர்ந்திருந்த என்ஜினைக் காலையில் தாமே முன்னின்று கிளப்பச் செய்ய வேண்டும். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்கலாம். நீலப் புகை என்ஜின் எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதையும், கரும்புகை டீசல் சரியாக எரியாமையையும் குறிக்கும்.

இறுதியாக, அளவான பாரத்துடன் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்கலாகாது. வெற்று வண்டி சமவெளியில் எல்லாம் நன்றாகவே ஓடும். பாரத்துடன் ஏறும்போது என்ஜின் சத்தம் உயர்ந்தும் வேகம் உயராவிட்டால் கிளட்சு நழுவுகிறது. நீரின் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் ராடியேட்டர் பழுது. இறங்கும்போது கியர் தானே கழன்றுகொண்டால் அவ்வண்டி மலைக்கு உதவாது.

இறக்கமே சோதனை

மிகைப் பாரத்தின் தீமை ஏற்றத்தில் வெளிப்படும் என்று பலர் நினைக்கின்றனர். ஏற்றத்தில் வண்டி திணறும், நின்றுவிடும், அவ்வளவே. உயிர்ச் சேதம் நேர்வது பெரும்பாலும் இறக்கத்தில்தான். மேலிருக்கும் பாரம் கீழிறங்கும்போது அதன் சக்தி எங்கேனும் செலவாக வேண்டும். என்ஜின் தடுத்ததுபோக மீதியெல்லாம் பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது.

1,550 கிலோ வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, 25 டிகிரி சூடுள்ள ஏறத்தாழ 14 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 2,300 கிலோ வண்டியானால் 21 லிட்டர். இத்தனை உஷ்ணமும் சில நிமிஷங்களில் கைப்பிடியளவு பிரேக் பாகங்களின்மேல் விழுமானால், அவை பிடிமானம் இழக்கின்றன. பிரேக் எண்ணெய் ஈரமுற்றிருந்தால் கொதித்து நீராவிக் குமிழி உண்டாகி, மிதி தரை வரையில் இறங்கியும் வண்டி நிற்காது. முன்னறிவிப்பாகத் தீய்ந்த நாற்றம் வரும். அப்பொழுதே ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, தானாக ஆறும்வரையில் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் பிரேக்கின்மேல் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம்.

இறக்கத்துக்கு உரிய விதி எளிது. எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை நீக்கியோ, என்ஜினை அணைத்தோ வண்டியை உருட்டிவிடுவது மிகவும் அபாயகரமான வழக்கம். என்ஜின் நின்றால் பிரேக்குக்கு அது தரும் துணையும் நின்றுபோகும். மிதி கல்லாக இறுகும். ஒரு லிட்டர் டீசலுக்கும் உயிருக்கும் பண்டமாற்றுச் செய்வது போன்றதே இது.

பாரத்தை அமைக்கும் முறை

எடை வரம்புக்குள் இருந்தாலும் இடம் தப்பினால் வண்டி தப்பும். கனத்தவை கீழேயும், தட்டின் முன்பாதியிலும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு அதன்மேல் மூட்டை அடுக்கினால் முன்சக்கரங்கள் தூக்கப்பட்டு ஸ்டியரிங் லேசாகிவிடும். ஏற்றத்தில் இது மேலும் மிகுந்து, வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போகும். பலாப்பழம் உருளும் பண்டமாகையால் இடையிடையே சாக்கோ வைக்கோலோ கொடுத்து அடைக்க வேண்டும். ஆடுமாடுகள் வளைவுதோறும் ஒரு பக்கம் சாய்வனவாதலால் குறுக்குக் கட்டை கட்டிப் பிரிக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி முழுத் தொட்டியைக் காட்டிலும் வளைவில் மோசமானது. நீர் அலைந்து வண்டியை இழுக்கும். பக்கவாட்டில் தட்டுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருப்பதும் சட்டப்படி குற்றமாகும்.

ஆட்களை ஏற்றலாகாது

இவ்விஷயத்தை வருத்தத்துடன் எழுத வேண்டியிருக்கிறது. 2022 ஆம் வருஷம் ஏப்ரல் 2 ஆம் தேதி, திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த ஜனங்கள் செம்பரையிலுள்ள கோயிலுக்குச் சரக்கு ஏற்றும் சிறு வண்டியொன்றில் சென்றார்கள். வண்டி மலைப் பாதையிலிருந்து பள்ளத்தில் உருண்டு பதினொருவர் மாண்டனர். மலையூர்களில் பஸ் வசதி குறைவு என்பதும், கோயிலுக்கும் கலியாணத்திற்கும் சந்தைக்கும் போக வேறு வழியின்றிப் பாரவண்டியில் ஏறுகிறார்கள் என்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் நிற்கும் மனிதர்களின் பாரம் மூட்டையின் பாரம் அன்று. முப்பது பேர் என்றால் 1,500 கிலோவுக்குக் குறையாது. அப்பாரம் தரைக்கு நெருங்கியிராமல் உயரத்தில் இருப்பதோடு, வளைவுதோறும் ஒரே பக்கமாகச் சாய்வதும் உண்டு. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத தட்டிலிருந்து எறியப்படுவோருக்கு வண்டி உருளுமிடத்தில் தப்ப வழியில்லை.

தவிரவும், பாரவண்டியின் இன்ஷூரன்ஸ், சரக்குடன் செல்லும் சரக்குக்காரரையோ அவருடைய பிரதிநிதியையோதான் கருதும். சும்மா ஏறிச் சென்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்பதை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்திருக்கிறது. நஷ்ட ஈட்டுச் சுமை வண்டிக்காரரின் நிலத்தின்மேல் வந்து விழும். உபகாரமாக நாலு பேரை ஏற்றிச் சென்ற குடியானவர் தம் காணியை இழக்க நேரிடுவது இப்படித்தான்.

மிகைப் பாரத்தால் லாபமா?

"இரண்டு நடையை ஒரு நடையில் முடித்தால் டீசல் மிச்சம்" என்பது வழக்கமான சமாதானம். மூட்டைக்கு 30 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், உதாரண வண்டியில் வரம்புக்கு மேல் ஏற்றிய பதினைந்து மூட்டைக்கு நடையொன்றுக்கு 450 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். 2019 ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட 194 ஆம் பிரிவு மிகைப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிப்பதோடு, மிகையை இறக்கும் செலவையும் வண்டிக்காரரின்மேல் சுமத்துகிறது. எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். ஒரு முறை பிடிபட்டால் சுமார் நாற்பத்தைந்து நடையின் கூடுதல் வருமானம் ஒழிந்தது. பிடிபடாமலே போனாலும் டயர், கிளட்சு, வில்பட்டை, பிரேக் கட்டை ஆகியவை விரைவில் தேய்ந்து அக்கூடுதலைத் தின்றுவிடும். இதில் ஐயமுள்ளவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடைதோறும் பாரத்தையும் டீசலையும் பழுதுச் செலவையும் ஆறு மாதம் எழுதிப் பார்த்துத் தாமே தெளியலாம்.

ஊருக்கும் இதில் நஷ்டம் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரையில் நடந்த சாலைச் சோதனையில், அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்று கண்டார்கள். அக்கணக்கின்படி 1,550 கிலோ வண்டி 2,300 கிலோவாக ஓடினால் தேய்மானம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மலையூர்களின் மெல்லிய தார்ச் சாலைக்கும், மழையில் ஊறிய அதன் ஓரங்களுக்கும் இதைத் தாங்கும் சக்தியில்லை. சாலை உடைந்தால் முதலில் வராமற்போவது பஸ்ஸும் ஆம்புலன்ஸுமே.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவலாம். ஊரிலுள்ள பாரவண்டிகளின் மொத்த எடையையும், நிறுத்துக் கண்ட வெற்று எடையையும் சொந்தக்காரர்களே பக்கக் கதவில் எழுதிவைக்கும்படி தூண்டலாம். புளி, சாமை சேகரமாகும் இடத்தில் ஒரு பொதுத் தராசு வைத்தால் மூட்டையின் எடை ஐயமின்றித் தெரியும். வியாபாரியின் தராசிற்கும் அது ஒரு காவலாகும். திருவிழா நாட்களில் முன்கூட்டியே விண்ணப்பித்துச் சிறப்புப் பஸ் விடச் செய்தால் ஜனங்கள் பாரவண்டியை நாடமாட்டார்கள். அறுவடைக் காலத்தில் பல குடியானவர்கள் சேர்ந்து பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்துவதற்கும் ஊரார் ஏற்பாடு செய்யலாம்.

சுருக்கம்

1. முதலில் பாரத்தைக் கணக்கிட்டுப் பிறகு வண்டியைத் தேடுக.
2. வெற்று வண்டியை எடைமேடையில் நிறுத்தே வாங்குக. ஆட்களையும் சாதனங்களையும் கழித்ததே சரக்கின் அளவு.
3. பத்திரங்களின் வில்லங்கம் தீர்ந்த பின்னரே ரொக்கம் கொடுக்க.
4. சேர்த்த வில்பட்டையும் ஒட்டுப்போட்ட சட்டமும் உள்ள வண்டியைத் தவிர்க்க.
5. ஏறும் கியரிலேயே இறங்குக. இறக்கத்தில் என்ஜினை அணைக்கற்க.
6. தட்டில் ஆட்களை ஏற்றற்க.

வண்டியின் வரம்பு சர்க்கார் விதித்த தடை மட்டுமன்று. அச்சும் பிரேக்கும் டயரும் எவ்வளவு தாங்கும் என்று அவ்வண்டியைச் செய்தவர்களே சொல்லிய வாக்கு அது. பத்து மூட்டைக்குரிய வண்டியில் பத்து மூட்டையே ஏற்றுபவரின் வண்டி அடுத்த வருஷத்துப் புளியையும் சுமக்கும்.